யார் கூப்பிட்டாலும் எடுக்கணும்

ஜன்னல் சீட்டை நீங்களே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. எனக்கு ஜன்னல் பழக்கம் கிடையாது. நான் வேலை பாக்குற ரூமுல ஜன்னலே இல்ல. பேரு என்னமோ ஏர்லைன்ஸ் வேலை, மெட்ராஸ் ஏர்போர்ட்டுல. ஆனா ஒரு விமானத்தைக் கண்ணால பாக்கணும்னா டீ குடிக்கிற சாக்குல வெளிய வந்து, கார் நிறுத்துற இடத்துல நின்னு அண்ணாந்து பாக்கணும். சிரிக்காதிய, நெசமாத்தான் சொல்லுதேன்.

நீங்க நாகர்கோயிலா? நான் வள்ளியூர். சொந்த ஊர் இல்ல, மாமனார் ஊரு. மாமனார் போயிட்டாரு, இப்ப மச்சினன் வீடு. என் வீட்டுக்காரி அங்கதான் இருக்கா. தங்கபுஷ்பம்னு பேரு. அவளைக் கூட்டிட்டு வரத்தான் போறேன். வருவாளான்னா வருவா. வராம எங்க போவா? போனை மட்டும் எடுக்க மாட்டேங்கா. நான் கூப்பிட்டா ஒரு மணி அடிச்சதும் கட்டாயிருது. வள்ளியூர் பக்கம் டவர் சரியில்ல போல.

ஏர்லைன்ஸ்காரன் எதுக்கு மதுரையில இருந்து பஸ்ஸுல இடிபடுதான்னுதான பாக்கிய? சொல்லுதேன். எங்களுக்கு ஓசி டிக்கெட்டு உண்டு. எனக்கும் உண்டு, வீட்டுக்காரிக்கும் உண்டு. எங்க வேணாலும் போலாம். ஒரே ஒரு கண்டிசன், சீட்டு காலியா இருந்தா போலாம். காசு குடுத்தவன் எல்லாம் ஏறி, கடைசியா ஓடி வாரவனும் ஏறி, கதவைச் சாத்தப் போற நேரத்துல ஒரு சீட்டு மிஞ்சினா நம்ம பேரைக் கூப்பிடுவான். இன்னைக்குத் தூத்துக்குடி விமானம் ரொம்பிருச்சு. மதுரை விமானத்துல ஒண்ணு மிஞ்சிச்சு, கக்கூஸ் பக்கத்துல. வந்துட்டேன். இங்கேர்ந்து பஸ்ஸு.

புஷ்பத்தோட சித்தி மக கல்யாணத்துக்கும் அப்பிடித்தான் கிளம்பினோம். பட்டுச்சேலை கட்டி, தலை நெறயப் பூ வச்சு, அவ ஏர்போர்ட்டுல உக்காந்திருக்கா. நாலு விமானம் போச்சு. ஒண்ணுலயும் இடம் இல்ல. அங்க தாலி கட்டி முடிஞ்சு பந்தி நடக்கு, இவ இங்க உக்காந்த மேனிக்கே பூவை ஒண்ணொண்ணா உதுத்துக்கிட்டு இருக்கா. “பஸ்ஸுல போயிருந்தா நேத்தே போய்ச் சேந்திருக்கலாம்”னா. நான் கேட்டேன், ஓசியில கிடைக்கிறதை விட்டுட்டு எந்தக் கிறுக்கனாவது காசு குடுத்துப் போவானா? அவ மிச்சப் பூவையும் உதுத்தா. நியாயத்துக்கு எங்கேர்ந்து பதில் சொல்ல முடியும்?

உங்க போன் அடிக்கு பாருங்க. எடுங்க எடுங்க.

அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதிய. நாம இன்னும் சாத்தூரே தாண்டல. நீங்க கோவில்பட்டி தாண்டியாச்சுன்னு சொல்லுதிய. பரவால்ல, பரவால்ல, வீட்டுல கேட்டா எல்லாரும் சொல்லுறதுதான். ஆனா நான் கண்டுபிடிச்சுருவேன் பாத்துக்கிடுங்க. ஊர் தெரியாட்டாலும் கண்டுபிடிச்சிருப்பேன். ‘தாண்டியாச்சு’ங்கிறதுக்கு முன்னால நீங்க ஒரு மூச்சு விட்டிய. பொய்க்கு முன்னால வார மூச்சு அது. என் தொழிலே அதுதான்.

என்ன தொழிலுன்னா, ஒரு விமானம் கிளம்பணும்னா ரெண்டு பைலட்டு வேணும், உள்ள நாலு பணிப்பெண்ணு வேணும். அதுல ஒரு ஆளுக்குக் காய்ச்சல்னு வைங்க, விமானம் நவராது. உடனே இன்னொரு ஆளைப் பிடிச்சுப் போடணும். அந்தப் பிடிக்கிற ஆளு நான். காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்த இடத்துலயே ஆள் பிடிக்கணும். தலைமுடி கறுப்பா இருக்கும்போது அந்த நாற்காலில உக்காந்தேன், இப்ப பாருங்க.

உடம்பு சரியில்லன்னு சொல்லுறவன் எல்லாம் எனக்குத்தான் போன் பண்ணணும். எத்தனை விதம் கேட்டிருக்கேன் தெரியுமா? ஒரு பைலட்டு மாமியாரை ரெண்டு தடவை சாகடிச்சான். ரெண்டாவது தடவை நானே, “சார், அந்த அம்மா தீவாளிக்கே போயிட்டாங்களே”ன்னேன். “இது பெரியம்மா முறை”ங்கான். வாந்திம்பான், பின்னால கடல் சத்தம் கேக்கும். ஹலோ சொல்லுறதுக்கு முன்னாலயே இருமுதான் பாருங்க, அவன் சுத்தப் பொய். நெசமாவே முடியாதவன் இரும மாட்டான். அவன் மன்னிப்புக் கேப்பான். “மன்னிச்சுக்கிடுங்க சார், தொந்தரவு பண்ணுதேன்”னுதான் முதல் வார்த்தை வரும். குரல் கொஞ்சம் கீழ இருக்கும், அவன் என்னமோ தப்பு பண்ணிட்ட மாதிரி. புதுசா வேலைக்கு வார பயலுவளுக்கு நான் இதைத்தான் சொல்லிக் குடுப்பேன். இருமலை நம்பாத, மன்னிப்பை நம்புன்னு.

இந்தா, திரும்ப அடிக்கு. எடுக்கலியா? தெரியாத நம்பரா? லோன் வேணுமான்னு கேப்பாங்கன்னு நினைக்கிய. எல்லாரும் அப்பிடித்தான் அண்ணாச்சி. தெரியாத நம்பர்னா எடுக்க மாட்டிய, தெரிஞ்ச நம்பர்னா கண்டிப்பா எடுக்க மாட்டிய. எங்க ஆபீஸ் நம்பரை ஒரு பொண்ணு போனுல ‘எடுக்காதே’ன்னு பதிஞ்சு வச்சிருந்தா. நானே பாத்தேன். எங்ககிட்ட ரெண்டு நம்பர் உண்டுல்லா, ரெண்டாவதுக்கு ‘இதையும் எடுக்காதே’.

கோவம் வருமான்னு கேக்கியளா? வராது. வேலைன்னா அப்பிடித்தான். அவங்க எடுக்கலன்னா நான் விட்டுருவேனா? வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி போனை வாங்குவேன். டீக்கடை மாஸ்டர் போனை வாங்குவேன். புது நம்பர்னு எடுத்துருவாங்க. எடுத்து என் குரலைக் கேட்டதும் அந்தப் பக்கம் ஒரு அமைதி இருக்கும் பாருங்க. மீன் தூண்டில்ல மாட்டின மாதிரி. அது ஒரு ருசி, பொய் சொல்லக்கூடாது.

இதுல ஸ்டாண்ட்பைன்னு ஒண்ணு இருக்கு. அதைச் சொன்னாத்தான் உங்களுக்கு மத்தது விளங்கும். தினமும் கொஞ்சம் பேரை ஸ்டாண்ட்பைல போடுவோம். அவனுக்கு அன்னைக்கு வேலையும் இல்ல, லீவும் இல்ல. வீட்டுலதான் இருக்கணும். கூப்பிட்டா ஒரு மணி நேரத்துல ஏர்போர்ட்டுல வந்து நிக்கணும். சினிமாவுக்குப் போவக்கூடாது, பொண்ணு பாக்கப் போவக்கூடாது, குளிக்கும்போது கூட போனை வாளி பக்கத்துல வச்சுக்கிடணும். யார் கூப்பிட்டாலும் எடுக்கணும். “எப்ப சார் கூப்பிடுவிய, கூப்பிடுவியளா மாட்டியளா, அதையாவது சொல்லுங்க”ன்னு கெஞ்சுவாங்க. நான் ஒரே வார்த்தைதான் சொல்லுவேன். “ஸ்டாண்ட்பைல இருங்க, நானே கூப்பிடுதேன்.” சொல்லிட்டு வச்சுருவேன்.

அது வாயில ஊறிப் போச்சு. வீட்டுலயும் வந்துரும். புஷ்பம் கேப்பா, “ஏங்க, ஆனித் திருவிழாவுக்கு ஊருக்குப் போவோமா?” “ஸ்டாண்ட்பைல இரு புஷ்பம், சொல்லுதேன்.” “மக வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வருவோமா?” “ஸ்டாண்ட்பைல இரு.” முதல்ல சிரிப்பா. அப்புறம் சிரிக்கல. அப்புறம் கேக்குறதையே விட்டுட்டா. பக்குவம் வந்துருச்சுன்னு நினைச்சேன். எங்க டூட்டி அப்பிடி. காலையில வீட்டுக்கு வருவேன்னு சொன்னா, எந்தக் காலைன்னு எனக்கே தெரியாது. எனக்கு பதில் ஆள் வந்தாத்தான் நான் நாற்காலியை விட்டு எந்திரிக்க முடியும். அவனுக்கும் காய்ச்சல்னு வைங்க, நான் அங்கதான் கிடக்கணும். ஆளுவளைப் பிடிக்கிற ஆளைப் பிடிக்க ஆள் கிடையாதுல்லா.

ஆனா குறை சொல்லக்கூடாது. வீட்டு வாசலுக்கு வண்டி வரும். கேன்டீன்ல சாப்பாடு உண்டு. ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் உண்டு. இவ்வளவு வச்சிருக்கேன், ஒரு மனுசிக்கு வேற என்ன வேணும்? அதுதான் எனக்கு விளங்கல. அவ கோவத்துக்குக் காரணம் எது? அந்தக் கல்யாணத்துக்குப் போவ முடியாமப் போனதுதான். பொம்பளைங்க மறக்க மாட்டாங்க.

மச்சினன் வேற காரணம் சொல்லுதான். அந்த மழை நாளைச் சொல்லுதான். நீங்களே கேட்டு ஒரு நியாயம் சொல்லுங்க.

போன கார்த்திகையில மெட்ராஸ்ல ஒரு பேய் மழை பெஞ்சுதுல்லா. அன்னைக்கு நான் டூட்டில. விமானம் ஒண்ணு பெங்களூருக்குத் திரும்பிருச்சு, ஒண்ணு ஹைதராபாத்துல நிக்கு. ரோட்டுல தண்ணி. ஆளுவளுக்கெல்லாம் ஒரே நேரத்துல காய்ச்சல் வந்துருச்சு. நான் எடுக்கேன், வைக்கேன், எடுக்கேன், வைக்கேன். குரலைக் கவனிக்கல, பேரைக் கேக்கல. தலைவலிங்கான், வயித்துவலிங்கா, முதுகு பிடிச்சுக்கிட்டுதுங்கான். எல்லாத்துக்கும் ஒரே பதில். டாக்டர் சர்டிபிகேட்டு கொண்டு வந்து குடுங்க. அதுக்கு நடுவுல புஷ்பம் கூப்பிட்டிருக்கா. டூட்டி நேரத்துல செல்போனை லாக்கர்லதான் வைக்கணும், அதனால ஆபீஸ் லைன்ல கூப்பிட்டிருக்கா. எனக்கு எப்பிடித் தெரியும்?

“மன்னிச்சுக்கிடுங்க, வேலை நேரத்துல கூப்பிடுதேன். நெஞ்சுல இருந்து இடது கை வரைக்கும் ஒரு மாதிரி இழுக்கு”ன்னுருக்கா. நான் வழக்கம் போல, “சரிங்க மேடம், ரெஸ்ட் எடுங்க, சர்டிபிகேட்டு இல்லாட்டி லீவு ஏறாது”ன்னுட்டேன்.

ஆமா, மேடம்னுதான் சொன்னேன். மரியாதையாத்தான சொன்னேன்?

அப்புறம், “சரிங்க”ன்னு சொல்லிட்டு அவளே வச்சுட்டா. நான் அடுத்த போனை எடுத்துட்டேன்.

பக்கத்து வீட்டு மெஹருன்னிசா அக்காதான் முழங்கால் தண்ணில ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கு. ஹார்ட் அட்டாக்குன்னுட்டாங்க. ஸ்டென்ட் வச்சாங்க. அந்த அக்கா எனக்கு எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கு, லாக்கருக்குள்ள கிடந்து அடிச்சிருக்கு. பதில் ஆள் வந்தப்புறம்தான் நான் லாக்கரைத் தொறந்தேன், அப்புறம்தான் ஓடினேன். மழையில நனைஞ்சுக்கிட்டு ஓடினேன் அண்ணாச்சி. அதை மச்சினன் சொல்ல மாட்டான்.

போனதும் டாக்டரைப் பிடிச்சு, ஆபீஸ்ல கேக்குற மாதிரியே, “எப்ப சார் ஃபிட்டாவா?”ன்னு கேட்டேன். அதுவும் குத்தமாம். அவ போன் என் கையில இருந்துச்சு. பேட்டரி இருக்கான்னு பாக்க என் போனுல இருந்து அதுக்கு ஒரு ரிங் குடுத்தேன். என் பேரு வரல. ‘ஆபீஸ்’னு வந்துச்சு. என்னை ஆபீஸ்னு பதிஞ்சு வச்சிருக்கா பாருங்க. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம்தான். மனுசன் வேலைக்கு ஒரு மதிப்புக் குடுக்குறால்லா?

பில்லு முழுக்க எங்க கம்பெனி இன்சூரன்ஸ்தான் கட்டுச்சு. ஒத்தப் பைசா வெளிய எடுக்கல. அதை நான் அவ கட்டில் பக்கத்துல நின்னு எடுத்துச் சொன்னேன். “பாத்தியா புஷ்பம், இந்த வேலையை நீ எத்தனை தடவை வஞ்சிருப்பே”ன்னேன். அவ சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா. டிஸ்சார்ஜ் அன்னைக்கு மச்சினன் கார் கொண்டு வந்தான். “கொஞ்ச நாள் எங்க கூட இருக்கட்டும் மச்சான்”னான். நல்லதுதானன்னு அனுப்பி வச்சேன். அந்தக் கொஞ்ச நாள்தான் இன்னும் முடியல.

இப்ப அடிக்கிறது என் போனு. ஆபீஸு. அடிக்கட்டும், விடுங்க.

எப்பிடி லீவு கிடைச்சுதுன்னு கேக்கவே இல்லியே நீங்க. எங்க கிடைக்கும்? கேட்டுக் கேட்டுப் பாத்தேன், ஆள் இல்லன்னுட்டாங்க. இன்னைக்குக் காலையில கூப்பிட்டுக் காய்ச்சல்னுட்டேன். ரெண்டு இருமு இருமினேன். எடுத்தவன் நான் தொழில் சொல்லிக் குடுத்த பய. அவன், “இருமலா சார்?”ன்னான். அப்புறம், “சரிங்க சேர்மதுரை சார், சர்டிபிகேட்டு கொண்டு வந்துருங்க”ன்னான். பயலுக்கு எல்லாம் விளங்கிருச்சு. இப்ப ஏன் கூப்பிடுதான்? பின்னால பஸ் ஹாரன் கேக்குதான்னு பாக்கக் கூப்பிடுதான். நான் எடுப்பேனா?

வேலையை விட்டுருங்கங்கிய. எத்தனையோ பேர் சொல்லியாச்சு. விட்டுட்டு என்ன பண்ண? எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, எடுக்காத ஆளை எடுக்க வைக்கிறது. அதை வச்சு வெளிய எந்தக் கடையில என்ன வேலை கிடைக்கும்? சும்மா வீட்டுல உக்காந்தாலும் காதுக்குள்ள மணி அடிக்கு அண்ணாச்சி. உக்காந்தா அடிக்கு, படுத்தா அடிக்கு. புஷ்பம் இருந்தப்போ, “ஒண்ணும் அடிக்கல, படுங்க”ன்னு சொல்லுவா. இப்ப அது நெசமா அடிக்கா அடிக்கலியான்னு சொல்ல வீட்டுல ஆள் இல்ல.

சரி. கயத்தாறு வந்துருச்சு. ஒரு உதவி கேக்கட்டா? உங்க போனைக் கொஞ்சம் குடுங்க. ஒரே ஒரு கால்தான். முன்ன பின்ன சொல்லாம போய் வாசல்ல நிக்க ஒரு மாதிரி இருக்கு. மச்சினன் நல்லவன்தான், ஆனா அவன் பொண்டாட்டி ஒரு பார்வை பாக்கும். நம்பர் எனக்கு மனப்பாடம். அவ எடுப்பா, புது நம்பர்லா. எடுக்க வச்சுருவேன்.

அடிக்கு.

ஹலோ. மன்னிச்சுக்கிடு புஷ்பம், நான்தான். வைக்காத, வைக்காத. ஆமா, வேற ஒருத்தர் போனு. பஸ்ஸுல ஒரு அண்ணாச்சி. இல்ல, டூட்டி இல்ல. கயத்தாறு. இல்ல புஷ்பம், நெசமாவே கயத்தாறுதான், வேணா அண்ணாச்சிகிட்ட குடுக்கட்டா? சரி, வேண்டாம். மாத்திரை ஒழுங்கா சாப்பிடுதியா? சரி. நடக்கியா? சரி. இல்ல, நான் ஒண்ணும் சண்டைக்கு வரல. உன்னைப் பாக்கணும் போல இருக்கு, அதான். வேற ஒண்ணும் இல்ல. காதுல மணி அடிக்கு புஷ்பம். அப்ப நான் வரட்டா? ஹலோ? வரட்டா?

இந்தாங்க அண்ணாச்சி. வச்சுட்டா.

அழவெல்லாம் இல்ல. தூசி. இந்த ரோட்டுல என்னத்தத்தான் வேலை பாக்கானுவளோ.

என்ன சொன்னா தெரியுமா? கோவமே இல்ல. சத்தம் போடல, மெதுவாத்தான் சொன்னா. “ஸ்டாண்ட்பைல இருங்க. நானே கூப்பிடுதேன்”னா.

என் வார்த்தை. அட்சரம் பிசகல.

நீங்க ஏன் மூஞ்சியைத் தொங்கப் போடுதிய? உங்களுக்கு இதோட அர்த்தம் தெரியல. ஸ்டாண்ட்பைன்னா வேண்டாம்னு இல்ல அண்ணாச்சி. வேண்டாம்னா பேரையே அடிச்சுருவாங்க. ஸ்டாண்ட்பைன்னா பேரு இன்னும் இருக்கு. ஆள் தேவைப்படலாம், தேவைப்படாமலும் போலாம். ஆனா கூப்பிட்டா ஒரு மணி நேரத்துல போய் நிக்கணும். நான் வச்ச சட்டம், நானே மீறக்கூடாதுல்லா? வள்ளியூருக்குத்தான் டிக்கெட்டு எடுத்திருக்கேன், பரவால்ல. திருநெல்வேலியிலயே எறங்கிருதேன். புது பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு லாட்ஜுல ரூம் போட்டுருதேன். அங்கேர்ந்து வள்ளியூர் ஒரு மணி நேரம். கணக்கு சரியா இருக்கு.

எத்தனை நாளுன்னு கேக்கியளா? அதை ஸ்டாண்ட்பைல இருக்கிறவன் கேக்கக்கூடாது.

அந்தா, திருநெல்வேலி வந்துருச்சு, ஸ்டாண்டுக்குள்ள திரும்பிட்டான். பையை மட்டும் எடுத்துக் குடுங்க. ஆங், அண்ணாச்சி, ஒரு விசயம் விட்டுப் போச்சு. என் நம்பர்தான் அவளுக்குப் போக மாட்டேங்கே. அவ கூப்பிட்டா உங்க போனுக்குத்தான் கூப்பிடுவா. அதுலருந்துதான பேசினேன். இந்தா, என் நம்பரை இந்த டிக்கெட்டுக்குப் பின்னால எழுதியிருக்கேன், சட்டைப் பையில வைங்க. அவ நம்பர் உங்களுக்குத் தெரியாத நம்பராத்தான் வரும். லோன்காரன்னு நினைச்சு விட்டுராதிய. நாளைக்குக் கூப்பிடலாம், அடுத்த மாசம் கூப்பிடலாம். “திருநெல்வேலியிலதான் இருக்கான், ஒரு மணி நேரத்துல வந்துருவான்”னு மட்டும் சொன்னாப் போதும்.

ஏன் பதில் சொல்லுறதுக்கு முன்னால மூச்சு விடுதிய? எடுப்பியள்லா அண்ணாச்சி?